வெனிஸ் கண்ணாடியில் தங்கமும் எனாமலும்: வாசகர் கேள்வி – பதில்

வெனிஸ் நகரை அடுத்த முரானோத் தீவின் கண்ணாடி அருங்காட்சியகத்தில் உள்ள நீலநிறத் திருமணக் கிண்ணத்தைப் பற்றிச் சென்ற இதழில் சில வரிகள் எழுதியிருந்தேன். 15ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பரோவியர் என்ற கண்ணாடி வினைஞர் குடும்பத்தின் பட்டறையில் உருவானதாகக் கருதப்படும் அந்தக் கிண்ணத்தில் மணமக்களின் முகங்கள் எனாமலால் தீட்டப்பட்டிருக்கின்றன. அதைப் படித்துவிட்டுக் கொங்கு வட்டாரத்திலிருந்து வந்த கடிதங்கள் யாவும் ஒரே பொருளைச் சுற்றியே அமைந்திருந்ததால், இம்முறை இப்பகுதி முழுவதையும் அதற்கே ஒதுக்கியிருக்கிறேன்.

என் மாமியார் காலத்திலிருந்து எங்கள் வீட்டு அலமாரியில் ஒரு சோடி சிவப்புக் கண்ணாடிக் கோப்பைகள் இருக்கின்றன. இத்தாலியில் வாங்கியவை என்று சொல்வார்கள். விளிம்பில் தங்கக் கொடியும், கைக்குத் தட்டுப்படும்படி வெள்ளைப் பூக்களும் உள்ளன. அது உண்மையான தங்கமா? எந்தப் பசையால் ஒட்டியிருக்கிறார்கள்?
*– ஒரு வாசகி, கோபிசெட்டிபாளையம்*

பசை எதுவும் இல்லை, அம்மா. நீங்கள் விவரித்திருப்பதைப் போன்ற கோப்பைகள் 20ஆம் நூற்றாண்டில் முரானோவில் ஏராளமாகச் செய்யப்பட்டன. அவற்றின் பொன்வேலையும் பூவேலையும் ஒரே தடவையில் முடிவதில்லை. ஒவ்வொன்றாகத் தீட்டித் தீட்டிப் பலமுறை சூளையில் ஏற்றப்படுகின்றன. ஒட்டவைப்பது சூளையின் சூடுதான்.

முதலில் பூக்களைச் சொல்கிறேன். எனாமல் என்பதும் கண்ணாடியே. வெள்ளைக்கு வெள்ளீய ஆக்சைடு, நீலத்துக்குக் கோபால்ட், பச்சைக்குச் செம்பு எனச் சேர்த்து உருக்கிய வண்ணக் கண்ணாடியை மாவாக அரைத்து, எண்ணெயில் குழைத்துத் தூரிகையால் இடுகிறார்கள். உங்கள் கோப்பையில் உள்ளதைப் போல மேடாக நிற்க வேண்டிய இதழ்களுக்குக் குழைவைக் கெட்டியாக வைத்துக்கொண்டு, தூரிகை நுனியால் சொட்டுச் சொட்டாக ஏற்றுவார்கள். சூளையில் எண்ணெய் எரிந்துபோகும். தூள் உருகிப் பாத்திரத்தின் மேற்பரப்போடு ஒன்றாகிவிடும். இதில்தான் இந்தக் கலையின் முழுச் சிக்கலும் இருக்கிறது. சோடாக் கண்ணாடிப் பாத்திரம் ஏறக்குறைய 600 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் தன் வடிவத்தை விடத் தொடங்கும். எனவே அதற்கு முன்பாகவே எனாமல் உருகியாக வேண்டும். அதற்காகவே காலங்காலமாக எனாமலில் ஈய ஆக்சைடைச் சேர்த்து உருகுநிலையைத் தாழ்த்தி வந்திருக்கிறார்கள். உருகினால் மட்டும் போதாது; ஆறும்போது எனாமலும் பாத்திரமும் ஏறக்குறைய ஒரே அளவில் சுருங்கவும் வேண்டும், இல்லையென்றால் பூ தெறித்து விழும், அல்லது பாத்திரத்தையே விரிசல் விடச் செய்யும்.

தங்கத்தின் கதை வேறு. அது 1064 டிகிரியில்தான் உருகும் என்பதால், அலங்காரச் சூளையின் சூட்டில் உருகுவதே இல்லை. இன்றைய பட்டறைகளில் தங்கச் சேர்மம் கரைந்த பழுப்பு நிறத் திரவத்தைப் பூசிச் சுடுகிறார்கள். சூளையில் மற்றவை எரிந்துபோக, பளபளக்கும் தங்கப் படலம் மட்டும் எஞ்சுகிறது. அதன் கனம் ஒரு மைக்ரானில் (மில்லிமீட்டரின் ஆயிரத்தில் ஒரு பங்கு) சுமார் பத்தில் ஒரு பங்கே இருக்கும். மற்றொரு முறையில் தங்கத் தூளைக் குழைத்துப் பூசிச் சுடுவார்கள். அது சூளையிலிருந்து மங்கலாகத்தான் வெளிவரும், பிறகு அகேட் கல்லால் தேய்த்து மெருகேற்ற வேண்டும். இரண்டிலும் தங்கம் உண்மையானதே. உங்கள் கொடி முகம் பார்க்கும் கண்ணாடியைப் போலப் பளிச்சென்றிருந்தால் முதல் வகை, அடங்கிய மென்மையான ஒளியோடு இருந்தால் இரண்டாம் வகை எனக் கொள்ளலாம்.

500 ஆண்டுகளுக்கு முன் இந்தத் திரவமும் இல்லை, தனி அலங்காரச் சூளையும் வழக்கில் இல்லை. அன்றைய வெனிஸ் கைவினைஞர்கள் தங்க ரேக்கைக் கிண்ணத்தின் விளிம்பில் பட்டையாக ஒட்டி, ஊசிமுனையால் மீன் செதில் வடிவில் கீறி எடுத்து, ஒவ்வொரு செதிலின் மேலும் நீலம், சிவப்பு, வெள்ளை எனாமல் புள்ளி வைத்தார்கள். அக்காலத்துக் கிண்ணங்களில் இந்தச் செதில் பட்டையைத் திரும்பத் திரும்பக் காணலாம். அதன்பின் அவர்கள் செய்ததுதான் என்னை வியக்க வைக்கிறது. செய்து முடித்து ஆறிப்போன கிண்ணத்தை மறுபடியும் மெல்லச் சூடேற்றி, அதன் அடியை இரும்புக் கம்பியின் நுனியில் பொருத்தி, உருக்கு உலையின் வாயிலேயே நீட்டிச் சுழற்றி எனாமலை உருக்கினார்கள். கார்னிங் கண்ணாடி அருங்காட்சியகத்தைச் சேர்ந்த வில்லியம் குடென்ராத் இந்த முறையைத் தம் கையாலேயே செய்து பார்த்து விளக்கியிருக்கிறார். கண்ணாடி ஊதுபவர், பொன் பதிப்பவர், ஓவியர் என மூவரின் உழைப்பும் ஏறிய ஒரு பொருளை, சில விநாடி கவனம் தவறினால் கூழாகிவிடும் சூட்டில் மீண்டும் காட்டும் துணிவுக்கு ஈடாக வேறொன்றைச் சொல்ல எனக்குத் தெரியவில்லை.

ரேக்கை வேறொரு கட்டத்திலும் சேர்க்கலாம். ஊதுவதற்கு முன் சூடான கண்ணாடி உருண்டையை ரேக்கின் மேல் உருட்டி எடுத்துப் பிறகு ஊதினால், கண்ணாடி விரியும், தங்கம் விரியாது. அது நுண்ணிய துகள்களாகப் பிளந்து உடல் முழுவதும் பொடி தூவியதைப் போலப் பரவும். அதன் மேல் இன்னொரு படலம் தெளிந்த கண்ணாடியைச் சுற்றிவிட்டால் அந்தத் தங்கம் தேய்மானமே இன்றி உள்ளேயே இருக்கும்.

நான் கோவையில் ஒரு பவுண்டரியில் பணியாற்றி ஓய்வு பெற்றவன். நாங்கள் வார்ப்பிரும்பை 1400 டிகிரி அளவில் ஊற்றுவோம். கண்ணாடிக்கு எவ்வளவு சூடு? அச்சு இல்லாமல் எப்படி வடிவம் வருகிறது?
*– ஒரு வாசகர், கணபதி, கோயம்புத்தூர்*

உருக்கும் சூடு ஏறக்குறைய உங்கள் இரும்பின் சூடுதான். முரானோவில் மாலையில் மணல், சோடா, சுண்ணாம்பு முதலியவற்றை மண்குடுவையில் இட்டு இரவு முழுவதும் 1400 டிகிரி அளவில் உருக்கி, குமிழிகள் வெளியேறிய பின் விடியற்காலையில் 1100 டிகிரி வரை இறக்கிக்கொள்கிறார்கள். வேலை நடப்பது இந்தத் தாழ்ந்த சூட்டில்தான்.

இரும்பு உறையும்போது ஒரு குறிப்பிட்ட வெப்பநிலையில் சட்டென உறைந்துவிடும். கண்ணாடிக்கு அப்படி ஓர் எல்லையே கிடையாது. ஆலைக்கொட்டகையில் வெல்லப்பாகு இளகிய நிலையிலிருந்து கம்பிப் பதத்துக்கும் பிறகு உருட்டும் பதத்துக்கும் படிப்படியாக வருவதைப் பார்த்திருப்பீர்கள். கண்ணாடியும் அவ்வாறே மெல்ல மெல்ல இறுகுகிறது. சோடா மிகுந்த வெனிஸ் கண்ணாடி இந்த இறுக்கத்துக்கு அதிக நேரம் எடுத்துக்கொள்ளும் வகை. கோப்பையின் தண்டில் நாகத்தையும் சிறகையும் பூவையும் இழுத்தும் கிள்ளியும் உருவாக்க அவர்களுக்கு அவகாசம் கிடைப்பது இதனால்தான். பொஹீமியா நாட்டுப் பொட்டாசியக் கண்ணாடி இதைவிட விரைவில் இறுகும், கடினமானது. ஆகவே அங்கே கல்லில் பட்டை தீட்டுவதைப் போலச் சக்கரத்தில் வெட்டும் வேலைப்பாடு சிறப்படைந்தது.

அச்சுகளும் உண்டு, ஆனால் பெரும்பகுதி வேலை கண்ணாலும் கையாலும் நடக்கிறது. உதவியாளர் ஊதுகுழலின் நுனியில் குழம்பைச் சுற்றி எடுத்துவர, மேஸ்திரி இரு கைப்பிடிகள் நீண்ட பெஞ்சில் அமர்ந்து குழலை இடக்கையால் இடைவிடாமல் உருட்டியபடியே வலக்கையில் பிடித்த இடுக்கியால் வடிவத்தைக் கொண்டுவருவார். உருட்டுவதை நிறுத்தினால் குழம்பு ஒருபக்கமாகத் தொங்கிவிடும். அடிப்பகுதி முடிந்ததும் அடியில் ஓர் இரும்புக் கம்பியை ஒட்டி, குழலிலிருந்து பாத்திரத்தைத் தட்டிப் பிரித்து, வாய்ப்பகுதியை மறுபடி சூடாக்கி விரிப்பார்கள். பிறகு சுமார் 500 டிகிரியில் உள்ள அறையில் வைத்து மணிக்கணக்கில் ஆறவிடுவார்கள். தடித்த பகுதியும் மெல்லிய பகுதியும் வெவ்வேறு வேகத்தில் ஆறினால் உள்ளே தங்கும் அழுத்தத்தைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அந்த அழுத்தத்தோடு வெளியே வந்த கண்ணாடி எப்போது வேண்டுமானாலும் தானாகவே உடையும்.

வெனிஸ் கண்ணாடித் தொழிலை ஒரு தீவில் அடைத்து வைத்தது ரகசியத்தைக் காப்பதற்குத்தானா?
*– கல்லூரி மாணவி, ஈரோடு*

1291ஆம் ஆண்டு உலைகளை முரானோவுக்கு மாற்றும்படி வெனிஸ் அரசு ஆணையிட்டதற்குச் சொல்லப்படும் முதற்காரணம் தீ விபத்து அச்சமே. மர வீடுகள் நெருங்கிய நகரத்தில் இரவு பகலாக எரியும் உலைகள் ஆபத்தானவை. ஆனால் எல்லா வினைஞர்களும் ஒரே தீவில் கூடிவிட்ட பிறகு, அவர்களைக் கண்காணிப்பது அரசுக்கு எளிதாகிவிட்டது. அனுமதியின்றி நாட்டை விட்டுச் செல்வது குற்றமாக்கப்பட்டது. அதே சமயம் தேர்ந்த கண்ணாடி வினைஞரின் மகள் பிரபுக் குடும்பத்தில் மணம் செய்துகொண்டால் அவளுடைய பிள்ளைகள் பிரபு நிலையை இழக்கமாட்டார்கள் என்ற மரியாதையும் அளிக்கப்பட்டது.

பூட்டி வைத்தும் கலை வெளியேறத்தான் செய்தது. ஜாக்கொமோ வெர்செலினி என்பவர் 1575இல் இங்கிலாந்து அரசி எலிசபெத்திடமிருந்து வெனிஸ் பாணிக் கண்ணாடி செய்ய 21 ஆண்டு உரிமம் பெற்றார். 1665 வாக்கில் பிரெஞ்சு அமைச்சர் கோல்பேர் முரானோவின் நிலைக்கண்ணாடி வினைஞர்களை ஆசை காட்டி அழைத்துக்கொண்டார்.

வெனிஸ் மட்டுமே இக்கலையின் பிறப்பிடம் என்று எண்ணிவிட வேண்டாம். கண்ணாடியில் பொன்னும் எனாமலும் சேர்த்துச் செய்வதில் 13, 14ஆம் நூற்றாண்டுகளின் சிரியாவும் எகிப்தும் உச்சத்தைத் தொட்டிருந்தன. அங்கே உருவான மசூதி விளக்குகளுக்கு நிகரானவை அப்போது உலகில் எங்கும் இல்லை. வெனிஸிலும் அக்காலத்திலேயே எனாமல் வேலை நடந்ததற்கு, பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் உள்ள, ஆல்ட்ரெவாண்டின் என்ற வினைஞரின் பெயர் தீட்டப்பட்ட குவளை சான்று. கீழை நாடுகளில் அத்தொழில் நலிந்த பின் நிலைமை தலைகீழானது: 1569இல் உதுமானியப் பேரரசின் தலைமை அமைச்சர் சொக்கொல்லு மெஹ்மத் பாஷா, வெனிஸ் தூதர் வழியாக 900 மசூதி விளக்குகளுக்கு முரானோவில் ஆணை கொடுத்தார். வெனிஸ் உலைகளுக்கான சோடாவும் நெடுங்காலம் சிரியா, எகிப்துக் கரைகளிலிருந்தே வந்தது. நம் கடற்கரை உமரிச் செடியின் இனத்தைச் சேர்ந்த உப்புச் செடிகளை எரித்த சாம்பல் அது. அந்தச் சாம்பலைக் கரைத்து வடித்துத் தூய்மையாக்கி, ஆற்றுக் கூழாங்கற்களைப் பொடித்த மணலோடு உருக்கி, சிறிதளவு மாங்கனீசால் நிறம் நீக்கித்தான் 15ஆம் நூற்றாண்டின் நடுவில் ஆஞ்சலோ பரோவியர் பளிங்கு போன்ற நிறமற்ற கண்ணாடியைக் கொண்டுவந்தார். எனாமல் ஓவியம் தெளிவாகத் தெரிய அந்தத் தெளிந்த பின்னணி பெரிதும் உதவியது.

கொடுமணல் அகழாய்வில் கண்ணாடி மணிகள் கிடைத்துள்ளன. அப்படியானால் வெனிஸுக்கு முன்பே நொய்யல் கரையில் இக்கலை இருந்ததென்று மாணவர்களுக்குச் சொல்லலாமா?
*– ஓர் ஆசிரியர், காங்கேயம்*

மணிகள் வெனிஸுக்குப் பல நூற்றாண்டுகள் முந்தியவை என்று தாராளமாகச் சொல்லுங்கள். ஆனால் அதே கலை என்று சொல்ல வேண்டாம். கொடுமணலின் பெருஞ்சிறப்பு பச்சைக்கல், சூதுபவளம், பளிங்கு போன்ற கற்களை மணியாக்கிய பட்டறைகளும் இரும்பு வேலையும்தான். பழந்தமிழகத்தின் சிறு கண்ணாடி மணிகளில் பெரும்பாலானவை, உருகிய கண்ணாடியை உள்ளீடற்ற நீண்ட குழாயாக இழுத்துத் துண்டு துண்டாக நறுக்கி, மறுபடி சூடாக்கி முனையை மழுக்கி எடுக்கப்பட்டவை. இம்முறை ஆந்திரத்தில் திருப்பதிக்கு அருகிலுள்ள பாப்பாநாயுடுபேட்டையில் நம் காலம்வரை தொடர்ந்திருக்கிறது. குழல் வைத்துப் பாத்திரமாக ஊதும் முறையோ கி.மு. முதல் நூற்றாண்டில் சிரியா, பாலஸ்தீனப் பகுதியில் தோன்றியது. வெனிஸும் பிற்காலத்தில் குழாய் இழுத்து நறுக்கிய மணிகளைக் கப்பல் கப்பலாக ஏற்றுமதி செய்தது என்பதை மட்டும் ஒப்பிட்டுக் காட்டலாம்.

இணையத்தில் முரானோ பாணி என்று எனாமல் கோப்பைகள் மலிவாகக் கிடைக்கின்றன. எப்படிக் கண்டறிவது?
*– ஒரு பின்னலாடை வணிகர், திருப்பூர்*

பாணி என்று எழுதியிருந்தாலே அது முரானோவில் செய்யப்பட்டதல்ல என்று கொள்ளுங்கள். வெனெத்தோ மாநிலம் 1994இல் இயற்றிய சட்டத்தின்படி, தீவில் செய்யப்பட்ட பொருள்களுக்கென ஒரு வணிக முத்திரை உண்டு. ஆனால் நல்ல பட்டறைகள் சில அதைப் பயன்படுத்தாமலும் இருப்பதால், முத்திரை இல்லாததை மட்டும் வைத்துப் போலி என்று தீர்மானிக்கவும் முடியாது.

நேரில் பார்க்க வாய்ப்பிருந்தால், கோப்பையின் அடியைத் திருப்பிப் பாருங்கள். கம்பியை ஒடித்து எடுத்த தழும்போ, அதைத் தேய்த்துச் சமன்செய்த வட்டமோ இருந்தால் அது கையால் ஊதப்பட்டதற்கான அடையாளம். பூவேலையை நகத்தால் மெல்லத் தொட்டுப் பாருங்கள்: சுடப்பட்ட எனாமல் கண்ணாடியைப் போலவே கடினமாகவும் குளிர்ச்சியாகவும் இருக்கும், அதன் ஓரம் பாத்திரத்துக்குள் இறங்கி முடியும், சுடாமல் தீட்டிய அக்ரிலிக் வண்ணம் நகத்துக்கு இளகிக் கொடுக்கும், ஓரத்தில் தோல்போல உரியும். ஒரு தொகுப்பில் உள்ள ஆறு கோப்பைகளிலும் ஒவ்வோர் இதழும் அச்சு அசலாக ஒன்றுபோலவே இருந்தால் அது அச்சிட்டு ஒட்டிய படம். கைவேலையில் தூரிகையின் ஏற்ற இறக்கம் தெரியத்தான் செய்யும், அதுவே அதன் மதிப்பும்கூட.

பொன்வேலை செய்த கண்ணாடியை எப்படிக் கழுவுவது? விருந்துக்குப் பயன்படுத்தலாமா?
*– ஒரு வாசகி, பொள்ளாச்சி*

பித்தளைக்குப் போடும் புளி, சாம்பல், சபீனா போன்ற எதையும் இதன்மேல் படவிடாதீர்கள். மேலே சொன்ன பத்தில் ஒரு மைக்ரான் படலம் நாலைந்து தேய்ப்பிலேயே போய்விடும். வெதுவெதுப்பான நீரில் சில துளி மென்மையான சோப்புத் திரவத்தைக் கலந்து, அடியில் துண்டு விரித்த பிளாஸ்டிக் தொட்டியில் ஒவ்வொன்றாகக் கழுவி, மெல்லிய பருத்தித் துணியால் ஒற்றி எடுங்கள். பாத்திரம் கழுவும் இயந்திரமும் மைக்ரோவேவ் அடுப்பும் கூடவே கூடாது.

விருந்தினருக்குத் தண்ணீர் கொடுக்கத் தடையில்லை. ஆனால் பழைய எனாமலில் ஈயம் இருக்கக்கூடும் என்பதால், வாய் படும் இடத்தில் எனாமல் இருந்தாலோ, உட்புறத்தில் தீட்டியிருந்தாலோ எலுமிச்சைச் சாறு, மோர் போன்ற புளிப்பானவற்றை அதில் ஊற்ற வேண்டாம். மிகப் பழைய வெனிஸ் கண்ணாடிகளில் சாம்பலைத் தூய்மையாக்கும்போது சுண்ணாம்பும் போய்விட்டதால், ஈரக்காற்றில் மேற்பரப்பு வியர்த்து நுண்விரிசல் விடும் நோய் வருவதுண்டு. கண்ணாடி பிசுபிசுத்தாலோ மங்கினாலோ மூடிய அலமாரியில் வைக்காமல் காற்றோட்டமான, ஈரமில்லாத இடத்துக்கு மாற்றுங்கள்.

நான் நகைகளுக்கு மீனா வேலை செய்கிறேன். என்னிடம் சிறிய மின்சூளை இருக்கிறது. கண்ணாடித் தம்ளரில் இதைச் செய்து பார்க்கலாமா?
*– ஓர் இளைஞர், கரூர்*

அவசியம் செய்து பாருங்கள், தம்பி. உங்களுக்குத் தூள் அரைக்கவும் தூரிகை பிடிக்கவும் ஏற்கெனவே தெரியும். ஆனால் செம்பு, வெள்ளி மீதான மீனாத் தூள் 750 டிகிரிக்கு மேல் சுடப்படுவது. அந்தச் சூட்டில் சமையலறைத் தம்ளர் குழைந்து விழுந்துவிடும், சுருங்கும் அளவும் ஒத்துவராது. கண்ணாடிக்கென்றே விற்கப்படும், 560 முதல் 600 டிகிரிக்குள் உருகும் ஈயமில்லாத எனாமலைக் கேட்டு வாங்குங்கள். தீட்டிய தம்ளரை முழுமையாக உலரவிட்டு, சூளைக் கதவைச் சற்றுத் திறந்தபடி வைத்து எண்ணெய்ப் புகை வெளியேறும்வரை மெதுவாகச் சூடேற்றி, பிறகு மூடி, உரிய சூட்டில் சில நிமிடங்கள் மட்டும் நிறுத்துங்கள். அதன்பின் சூட்டை இறக்கிச் சுமார் 530 டிகிரியில் சிறிது நேரம் பிடித்து வைத்து, பிறகு அணைத்துவிட்டு, சூளை முழுவதும் ஆறும்வரை கதவைத் திறக்காதீர்கள். முதலில் உடைந்த கண்ணாடித் துண்டுகளில் ஒவ்வொரு நிறத்தையும் தனித்தனியாகச் சுட்டுப் பார்த்துக்கொள்ளுங்கள்; தங்கத் திரவத்தை எனாமல் வேலை கைக்கு வந்த பிறகு வாங்கலாம், அதன் விலை அப்படி.